குரல் கொடுப்பவர் வீட்டு வாசற்படி

காலரைத் திருப்பிப் போட்டு, உட்பக்கத்தை முதலில் தேய்த்துவிட்டு, அப்புறம்தான் வெளிப்பக்கத்துக்கு வர வேண்டும். மாற்றிச் செய்தால் ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு விழும். மைக்குக்கு முன்னால் நிற்கிற மனிதருக்கு அது ஆகாது. அதனால் தங்கை தன் சக்கர நாற்காலியை மேசைக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டுக்கொண்டு, தினமும் காலையில் அண்ணனின் இரண்டு வெள்ளைச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். ஒன்று காலைக் கூட்டத்துக்கு. இன்னொன்று, காலைக் கூட்டத்தில் நனைந்த பிறகு மாலைக் கூட்டத்துக்கு. அண்ணி போட்டால் அவருக்குப் பிடிப்பதில்லை. கடையில் கொடுத்தாலும் பிடிப்பதில்லை. "இது என் தங்கையின் கை பட்ட சட்டை" என்று மேடையில் காலரைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருப்பதால் தங்கையின் கையேதான் பட வேண்டும்.

அந்தச் சட்டைக்குள் தினமும் புகுந்துகொள்ளும் உயிரினத்துக்குக் குரல் கொடுப்பவர் என்று பெயர். உங்களுக்குத் தெரியாதவர் அல்ல. சிலர் பொருள் கொடுப்பார்கள், சிலர் நேரம் கொடுப்பார்கள், சிலர் நச்சரிப்புத் தாங்காமல் வாக்குக் கொடுப்பார்கள். இவர் குரல் கொடுப்பார். கேட்டால்தான் கொடுப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பதற்காக நீங்கள் வாயைத் திறந்தால் அது அவர் கொடுப்பதற்கு இடைஞ்சல். கொடுக்க ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டார். யாருக்காகக் கொடுக்கிறாரோ அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தனக்கு என்ன வேண்டும் என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்வார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் இந்த இனத்தின் குஞ்சுகளைப் பார்க்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் பாதி வளர்ந்தவற்றைப் பார்க்கலாம். நம்முடையவர் முழு வளர்ச்சி அடைந்தவர். சட்டமன்ற உறுப்பினர்.

உருவம் சிறியது, குரல் பெரியது. மைக் கெட்டுப்போன கூட்டங்களில்கூட "மைக்கைக் கொஞ்சம் குறைங்கப்பா" என்று பின்வரிசையில் சொல்லியிருக்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லையா, குரல் கொடுப்பார். சாக்கடையின் மூடி காணாமல் போயிற்றா, குரல் கொடுப்பார். மூடி வராது, ஆனால் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் குழியைச் சுற்றி நின்று பேசியதால் அன்றைக்கு மட்டும் யாரும் உள்ளே விழவில்லை. நாய்க்கடி பட்டவர்கள் ஒரு நாள் காலையில் கூட்டம் போட்டார்கள். "மனிதன் நடமாடுகிற தெருவில் நாய்க்கு என்ன வேலை?" என்று முழங்கினார். அன்று மாலையே பிராணி நேசர்களின் கூட்டம். "நாய் நடமாடிய தெருவில் மனிதன் அல்லவா வந்து வீடு கட்டிக்கொண்டான்!" இரண்டிலும் கைதட்டல். இரண்டிலும் அவர் கண்ணில் நீர். இரண்டும் உண்மையான நீர். இந்த இனத்தில் உள்ள சங்கடமே அதுதான். நடிப்பாக இருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாமே!

அவரைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம் உண்டு. நீங்கள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழும். "ஒரு நிமிஷம்." அதட்டல் இல்லை, அன்பாகத்தான் எழும். அந்த ஒரு நிமிஷம் முடிந்து பார்த்தவர்கள் இல்லை. தங்கை அந்த விரலைச் சிறு வயது முதல் பார்த்து வருகிறாள். சாப்பாட்டு மேசையில் "அண்ணா, உப்பு" என்று கேட்டாலும் முதலில் விரல்தான் வரும். உப்பு வராது.

எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தாலும், அவருக்கென்று ஒரு துறை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமை. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அது தொடங்கிய கதையைக் கேளுங்கள். முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது, வாக்குச்சாவடியின் படிக்கட்டில் தங்கையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு ஏறினார்.

"அண்ணா, பின்பக்கம் படியில்லாத வாசல் இருக்கு. போன தடவை நான் அதுலதான் போனேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு கையும் வேலையாக இருந்ததால் விரலை உயர்த்த வழியில்லை. வாயால்தான் சொன்னார்: "ஒரு நிமிஷம்மா, போட்டோ எடுக்கிறாங்க."

அந்தப் படம் சுவரொட்டி ஆயிற்று. அவர் ஜெயித்தார், அவருடைய இடுப்பு தோற்றது. அன்றைக்குப் பிடித்த பிடிப்பு விடவே இல்லை. அதற்கப்புறம் தங்கையை அவர் ஒருமுறைகூடத் தூக்கியது கிடையாது. சுவர்களில் மட்டும் இன்றுவரை கீழே இறக்கவில்லை. படத்துக்குக் கீழே "நம் வீட்டுத் தங்கை" என்று போட்டிருந்ததால் ஊரே அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது. பல்லில்லாத பெரியவரும் தங்கச்சி என்றார், பல் முளைக்காத குழந்தைக்கும் "தங்கச்சிக்கு டாட்டா சொல்லு" என்று கற்றுக்கொடுத்தார்கள். நாற்பதைத் தாண்டிய பெண். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் பதினைந்து வருடம் இருந்தவள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் எழுத்தாளரையே கூப்பிட்டு நிறுத்திக் கேட்டவள். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது இப்போது வாக்காளர் அட்டையில் மட்டும் இருக்கிறது.

கெட்டவரா என்றால், இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தாழ்வான படிக்கட்டு உள்ள பேருந்துகள் அந்தப் பகுதிக்கு வந்தது அவரால்தான். பக்கவாட்டில் ஒரு தட்டு மடங்கி இறங்கும். சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகும். அதற்காக மூன்று அமைச்சர்களின் வீட்டு வாசலில் கிடந்தார், ஒருவர் வீட்டில் மழையில் நனைந்து சளி பிடித்து வந்தார். தங்கை அந்த வாரம் முழுக்க அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். தெருமுனையில் அந்தப் பேருந்து வந்து நின்று தட்டை இறக்குவதை அவள் சன்னலிலிருந்து தினமும் பார்க்கிறாள்.

சன்னலிலிருந்து. ஏன் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் சாய்தளங்கள்.

படிக்கட்டு உள்ள பொதுக் கட்டடங்களுக்கெல்லாம் சாய்தளம் போட வைத்தார். எல்லாவற்றையும் கட்டியவர் ஒரே கொத்தனார். நல்ல கைகாரர். ஆனால் உறுப்பினரிடம் வேலை பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: முதலில் கல்வெட்டை நட்டுவிடுவார். ஏனென்றால் திறப்பு விழாத் தேதி முதலில் முடிவாகும், சாய்தளம் பிறகுதான் முடியும். கல்வெட்டு இருந்தால் மற்றது இல்லாமலும் விழா நடக்கும். ஆக, கல்வெட்டு நிற்கிற இடத்துக்குத் தகுந்தபடி சாய்தளம் வளையும், ஒதுங்கும், சில இடங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கும். மருந்தகத்தில் கல்வெட்டு நட்டநடுவில் நிற்கிறது. உறுப்பினரின் பெயரை முழங்காலால் இடிக்காமல் அங்கே யாரும் மாத்திரை வாங்க முடியாது. நூலகத்தின் சாய்தளம் பிரமாதம். மழமழவென்று ஏறிப் போய் ஒரு சன்னலில் முடிகிறது. கதவு வெயில் படுகிற பக்கம் இருந்தது. விழாவுக்கு நிழல் வேண்டாமா? வட்டார அலுவலகத்தில் சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்கு விசாலமாக ஒரு கழிப்பறை கட்டச் செய்தார். விசாலமாக இருந்ததால் அலுவலகத்தின் உடைந்த நாற்காலிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பூட்டு உண்டு. சாவி மாடியில்.

இதையெல்லாம் யாராவது சொன்னால் அவருக்குப் புரியாமல் போகாது. வருத்தப்படுவார். ஆனால் அதற்குள் ஒரு சொல் அவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். சொல்லில் அவர் அவ்வளவு கண்டிப்பு. பழைய வார்த்தைகளை யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே திருத்துவார். திருத்தித் திருத்தி, போன வருடம் அவருக்கு மாற்றுத்திறனாளி என்ற சொல்லே சலித்துவிட்டது. "மாற்று என்ன மாற்று? மேலே! இன்னும் மேலே!" என்று மன்றத்தில் பேசி, சிகரத் திறனாளி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர்ப்பலகைகள் எல்லாம் மாறின. கழிப்பறைக் கதவிலும் புதுச் சொல் பளபளத்தது. பூட்டு மாறவில்லை.

"இனிமே நம்ம வீட்லயும் அப்படித்தான் சொல்லணும்" என்றார்.

அண்ணி சமையலறையிலிருந்தே கேட்டாள்: "சிகரத்துக்கு டீ வேணுமா, கேளுங்க."

"கிண்டல் பண்ணாதே. அது பெரிய வார்த்தை."

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சிகரம்னா ஏறித்தானே போகணும், அண்ணா? அதுக்குப் படி நிறைய இருக்குமே?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா! இதை, இதை அப்படியே நாளைக்குப் பேசிடறேன்."

பேசினார். நல்ல கைதட்டலாம். தான் கேட்ட கேள்வி பதிலோடு திரும்பாமல் மேற்கோளாகத் திரும்பி வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அன்றைக்கு மாலைச் சட்டையின் இடது கைப்பகுதியில் ஒரு மடிப்பு நன்றாகவே விழுந்திருந்தது. தெரியாமல் விழுந்ததாகத் தங்கை சொன்னாள்.

இப்போது சன்னலுக்கு வரலாம். தேர்தலுக்கு முன்னால் அவர்கள் இருந்த வீடு தெருமட்டத்தில் இருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும்; மற்ற காலங்களில் தங்கை வெளியே போவாள், வருவாள். அச்சகத்துக்குப் போனாள், கடைக்குப் போனாள், வேண்டாதவர்களோடு சண்டை போடப் போனாள். உறுப்பினர் ஆனதும் அவருக்கு உயரமான வீடு தேவைப்பட்டது. வாசலில் மூன்று படி. மூன்றே மூன்று. அதற்கு ஒரு சாய்தளம் போடுவது கொத்தனாருக்கு அரை நாள் வேலை. அந்த யோசனை வந்த வாரத்தில்தான், ஒரு கூட்டத்தில், கைதட்டல் கொஞ்சம் மந்தமாக இருந்த நேரத்தில், உறுப்பினர் கையை ஓங்கிச் சொன்னார்: "என் தொகுதியில் உள்ள கடைசிப் படியும் சாய்தளம் ஆகிறவரைக்கும் என் வீட்டுப் படியில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடமாட்டேன்! இது சத்தியம்!"

அரங்கம் அதிர்ந்தது. அடடா, என்ன தியாகம்! அந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்குகிறவர் அவர். இறங்க முடியாமல் போனவள் அவள். தியாகம் யாருடைய பையிலிருந்து போயிற்று, கைதட்டல் யாருடைய பைக்கு வந்தது என்று அரங்கத்தில் யாரும் யோசிக்கவில்லை.

அதிலிருந்து அவள் வெளியே போக வேண்டுமானால் ஓட்டுநரும் உதவியாளரும் இரண்டு பக்கமும் பிடித்து நாற்காலியோடு இறக்க வேண்டும். அவர்கள் இருவரும் உறுப்பினர் இருக்கிற இடத்தில் இருப்பார்கள். உறுப்பினர் விழா இருக்கிற இடத்தில் இருப்பார். ஆகவே தங்கை வெளியே போன நாளெல்லாம் விழா நாள்தான். அச்சக வேலை போயிற்று. "உனக்கென்னம்மா குறை? ராணி மாதிரி இரு" என்றார் அண்ணன். ராணிகளுக்கு யார் இஸ்திரி போடக் கொடுக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். அதற்கு விரல் எழுந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. தண்ணீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. தொலைபேசியிலேயே விசாரித்தார்கள், தொலைபேசியிலேயே எடுத்துக்கொண்டார்கள். யாருடைய தங்கை என்று அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அந்த அலுவலகம் தரைமட்டத்தில் இருக்கிறது, தெருமுனைப் பேருந்து அதன் வாசலிலேயே போய் நிற்கிறது. திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு வர வேண்டும். வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளுக்கு ஆசை தாங்கவில்லை. அங்கே யாரும் தங்கச்சி என்று உருகமாட்டார்கள். "மேடம், குழாய்ல வெறும் காத்துதான் வருது, என்னதான் பண்றீங்க அங்க?" என்று திட்டுவார்கள். எத்தனை வருடமாயிற்று, அவளை யாராவது திட்டி!

அண்ணனிடம் சொன்னாள். விரல் எழுந்தது. போனில் பேசி முடித்து, இன்னொரு போன் பேசி முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "என்னம்மா சொன்னே?" என்றார்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு."

"வேலையா! நான் இருக்கும்போது உனக்கு எதுக்கும்மா..." என்று ஆரம்பித்தவர், போன வாரம் தானே பேசிய பேச்சு நினைவுக்கு வந்து நடுவில் திரும்பினார். "வேலை! அது உன் உரிமை! ஏன் போகக்கூடாது?"

"போகலாம். வாசப்படிதான் போகவிடாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு சாய்தளம் போட்டுக் குடு."

முகம் வாடிவிட்டது. "சத்தியம் பண்ணியிருக்கேனேம்மா. ஊரே கேட்டிருக்கு."

"சத்தியம் உன்னுது. படி என்னுது."

ஒரு கணம் அவளையே பார்த்தார். அவருக்கு உறைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"இன்னொரு தடவை சொல்லு. சத்தியம் உன்னுது..."

சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் பெரிய கூட்டம். தலைப்பு: "அவர்களே பேசட்டும்." உறுப்பினருக்கென்று ஒரு நடமாடும் மேடை உண்டு, அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. நீளமான நான்கு கெட்டிப் பலகைகள், கீழே தாங்குகிற இரும்புக் கால்கள். கழற்றி வண்டியில் ஏற்றினால் எந்தத் தெருவிலும் போட்டு நிற்கலாம். மற்ற நேரங்களில் பலகைகள் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து கிடக்கும். மேடை ஊரெல்லாம் நடமாடும். தங்கை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அன்றைக்கு அவளையும் மேடையில் ஏற்றினார்கள். அவர்களே பேச வேண்டியதன் அவசியத்தைப் பற்றி அண்ணன் ஒன்றரை மணி நேரம் பேசினார். முன்வரிசையில் அந்த 'அவர்கள்' இருபது பேர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் இரண்டு தடவை கையைத் தூக்கினார். உறுப்பினர் அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டு அவருக்குத் தலையசைத்தார். தலையசைத்தது அவருக்குத் தெரியவா போகிறது! கடைசியில் தங்கையின் பக்கம் வந்து மைக்கை அவள் வாயருகே நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"நான் பிடிச்சுக்கிறேம்மா. உனக்கு எதுக்குச் சிரமம்?"

"கால்தான் நடக்காது. கை நல்லாத்தான் இருக்கு" என்றாள். கூட்டம் சிரித்தது. மைக் உடனே அவர் வாய்க்குப் போயிற்று: "பார்த்தீர்களா, எப்பேர்ப்பட்ட நகைச்சுவை உணர்வு!" மறுபடி அவளிடம் வந்தது.

இதுதான் சமயம் என்று அவள் வேகமாகச் சொன்னாள்: "எங்க வீட்டு வாசல்ல மூணு படி இருக்கு. அதைத் தாண்டி நான்..."

மைக் போய்விட்டது. "மூன்று படி!" அவர் குரல் உடைந்தது. "கேட்டீர்களா? கல்வி என்று ஒரு படி! வேலை என்று ஒரு படி! மரியாதை என்று ஒரு படி! இந்த மூன்றையும் தாண்ட முடியாமல் தவிக்கிறாள் என் தங்கை!"

"இல்லீங்க, சிமெண்ட் படி" என்று அவள் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது. முன்வரிசை முழுக்கச் சிரித்தது. கருப்புக் கண்ணாடிப் பெரியவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பின்வரிசைகள் எழுந்து நின்று கைதட்டின.

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது அண்ணி கூடத்தின் வாசலில் நின்று ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். ஆளுயரப் பெட்டிகள், அடியில் சக்கரம். மேடைப் பலகை இரண்டை எடுத்து வண்டிக்கும் தரைக்கும் நடுவில் சாய்த்துப் போட்டு, பெட்டியைத் தள்ளினார்கள். வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று.

"பாரேன்" என்றாள் அண்ணி, பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம். "உங்க அண்ணன் குரலுக்குச் சாய்தளம் இருக்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி அதிகம் பேசாதவள். அந்த வீட்டில் அதற்கு இடமும் கிடையாது. அண்ணன் தங்கை விஷயத்தில் தலையிட்டதும் இல்லை. ஆனால் மறுநாள் காலை அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்தின் வாகன நெரிசலுக்குக் குரல் கொடுக்கப் போயிருந்தபோது கொத்தனாருக்குப் போன் போட்டது அவள்தான்.

கொத்தனார் வந்தார். படிகளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், சுற்றுமுற்றும் தேடினார்.

"கல்வெட்டு எங்கம்மா?"

"கல்வெட்டு இல்லை" என்றாள் அண்ணி.

"அப்ப எங்க ஆரம்பிக்கிறது?" உண்மையாகவே குழம்பிவிட்டார் மனிதர்.

"எதையும் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது. உங்க ஐயா சத்தியம். இந்தப் பலகை ரெண்டையும் படி மேல சாய்ச்சு, நகராம நிறுத்திக் குடுங்க, போதும்."

கொத்தனார் மேடைப் பலகைகள் இரண்டைப் படிகளின் மேல் நீளவாக்கில் போட்டார். மேல்முனையை வாசல் நிலைக்கு முட்டுக் கொடுத்தார், கீழ்முனைக்கு ஆப்பு வைத்தார், வழுக்காமல் இருக்கப் பழைய கயிற்றுப்பாயை மேலே விரித்து அடித்தார். கல்வெட்டு இல்லாததால் நேராகவே வந்தது. தங்கை நாற்காலியைப் பலகையின் விளிம்புக்குக் கொண்டுவந்து, அண்ணி பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, இறங்கினாள். தெருவில் நின்றாள். எதிர்வீட்டு அம்மாள் பால்கனியிலிருந்து "தங்கச்சி, இன்னிக்கு என்ன விழா?" என்று கேட்டாள்.

"விழா இல்லீங்க. சும்மா" என்றாள் தங்கை. அந்தச் "சும்மா"வைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தெருமுனை வரை போய், பேருந்து நிறுத்தத்தைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"ஏத்தி விட நான் இருக்கேன்" என்றாள் அண்ணி, மூச்சு வாங்கியபடி மேலே தள்ளிக்கொண்டு. "சாயங்காலம் வந்து எனக்குக் கதை சொன்னாப் போதும். இந்த வீட்ல நான் பேச்சு கேட்டிருக்கேன், கதை கேட்டு நாளாச்சு."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திரும்பி வரும்போது போனில் பேசிக்கொண்டே வந்தார். பலகையின் மேல் நடந்து ஏறினார். படிகள் காணாமல் போனது அவருக்குத் தெரியவில்லை. இடுப்பு வலிக்காமல் ஏறியதும் தெரியவில்லை.

திங்கள்கிழமை. தங்கை ஒரே ஒரு சட்டைக்குத்தான் இஸ்திரி போட்டாள். நீலப் புடவை கட்டி, கைப்பையில் மதியச் சாப்பாடு வைத்துக்கொண்டு கிளம்பியபோது உதவியாளர் வாசலில் வண்டியோடு வந்து நின்றார். காலையில் சந்தை முனையில் சாய்தளத் திறப்பு விழா. மேடை போட வேண்டும். பலகைகளைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"அக்கா, இதை எடுத்தாத்தான் மேடை. ரெண்டு பலகையில ஐயா எப்படி நிப்பாரு? மைக்குக்குப் பின்னால ஆளே தெரியமாட்டாரே!"

"குரல் கேட்கும்ல" என்றாள் தங்கை.

"விளையாடாதீங்கக்கா. ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. எடுன்னா எடுக்கிறேன், விடுன்னா விடறேன்."

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அண்ணனின் அறைக்குப் போனாள். பிழை திருத்துகிறவளுக்கு எதையும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்கிற பழக்கம் போகாது. அதுவும் தவிர, அண்ணன். அன்றைக்கு வாக்குச்சாவடியில் தூக்கிக்கொண்டு ஏறியபோது அவர் இடுப்பில் ஏதோ 'கடக்' என்ற சத்தம் அவளுக்குத்தான் கேட்டது. அவர் முகம் சுளிக்காமல் புகைப்படத்துக்குச் சிரித்ததையும் அவள்தான் அருகில் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொன்னால் அவளுக்கு வேலை இல்லை. இருக்கட்டும் என்று சொன்னால் அவருக்கு மேடை இல்லை. அவர் வாயால் ஒரு பதில் வந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் வானொலிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். நேரலை. போன் காதில், கண் மூடியிருந்தது.

"அண்ணா, அந்தப் பலகை எனக்கு வேணும். தினமும் வேணும். எனக்கா, உனக்கா? சொல்லு."

விரல் எழுந்தது. ஒரு நிமிஷம்.

"அவர்கள் நம்மிடம் பரிதாபத்தைக் கேட்கவில்லை" என்று அவர் போனில் சொன்னார். குரல் தழுதழுத்தது. "மேடை கேட்கவில்லை, மாலை கேட்கவில்லை. நம் பக்கத்தில் வந்து ஏதோ சொல்கிறார்கள். நின்று, காது கொடுத்து, ஒரே ஒரு நிமிஷம் கேட்கிறோமா நாம்?"

தங்கை அந்த ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அவருடைய காலரைப் பார்த்தாள். மடிப்பு இல்லை, நன்றாகத்தான் வந்திருந்தது. தெருமுனையில் பேருந்து தட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. விரல் இன்னும் மேலேதான் இருந்தது. அவள் பிரேக்கை எடுத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி, அறையை விட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் நாற்காலிச் சக்கரங்களுக்குக் கீழே மேடைப் பலகைகள் தடதடவென்று அதிர்ந்தன.

நன்றாக வேண்டும் அவருக்கு என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்காக நீங்கள் நாலு வார்த்தை கேட்டிருப்பீர்கள், இல்லையா? உங்களுக்கும் நல்ல குரல்தான். சரி, இந்தக் கடைசிப் பக்கத்தில் மூழ்கியிருந்தபோது யாரோ உங்கள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டார்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் நிமிரவில்லை. பாவம், அவளுக்கு நடக்கிற அநியாயத்தைப் பாதியில் விட மனம் வருமா? கையை மட்டும் லேசாகத் தூக்கினீர்கள். இப்போது அந்த விரலை இறக்கிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். நின்றிருந்தவர் அறையில் இல்லை.